ஓர் அறைக்கு மூன்று கூரை

அப்பாதுரை வீட்டுக் கூரை நூற்றுப் பதினேழு இடங்களில் ஒழுகியது. குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. பொம்மசந்திராவில் வண்டி உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். ஒவ்வொரு ஒழுகலுக்கும் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு நம்பர் கொடுத்திருந்தார். அவர் மனைவி சொர்ணத்துக்கு நம்பர் மனதில் நிற்காது. அடியில் வைத்த சாமானின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஊறுகாய் ஜாடி ஒழுகல், மாமியார் செம்பு ஒழுகல், இட்லிக் குண்டான் ஒழுகல். இரண்டு வருடம் முன்பு பெய்த பெருமழையில் அந்த இட்லிக் குண்டானில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கெளுத்தி மீன் நீந்திக்கொண்டிருந்தது. அல்சூர் ஏரித் தண்ணீர் ஆவியாகும்போது கூடவே மேலே போயிருக்கும் என்று பின்வீட்டு டெஸ்மண்ட் விளக்கம் சொன்னார். சொன்ன கையோடு அதை மிளகு போட்டு வறுத்தும் தின்றார். ருசி சுமார்தான் என்று அவர் ஒப்புக்கொண்டதால் சந்தில் எல்லோரும் நம்பினார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ரயில் பாதையை நோக்கி இறங்கும் சந்தில் இருந்தது அந்த வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் அது குதிரை லாயம். நீளமாக ஒரே கட்டடம், இரண்டு பக்கமும் சரியும் மங்களூர் ஓட்டுக் கூரை, உச்சியில் ஒரே முகட்டு விட்டம். பிற்பாடு யாரோ நடுவில் சுவர் வைத்து, முன்சரிவின் கீழே உள்ளதை முன்சந்துக்காரர்களுக்கும் பின்சரிவின் கீழே உள்ளதைப் பின்சந்துக்காரர்களுக்கும் விற்றுவிட்டார்கள். வீட்டைப் பிரிக்க முடிந்தது, விட்டத்தைப் பிரிக்க முடியவில்லை. ஓட்டைத் தாங்கும் இரண்டு பக்கத்துக் கைமரங்களும் அந்த விட்டத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, குடித்துவிட்டு வீடு திரும்பும் இரண்டு சிநேகிதர்கள் மாதிரி நின்றன. ஒருவன் நகர்ந்தால் மற்றவன் விழுவான். ஒழுகல் பற்றிக் குதிரைகள் புகார் சொன்னதில்லை என்பதால் நூறு வருடமாக விஷயம் யார் காதுக்கும் எட்டவில்லை.

சொர்ணத்துக்கும் ஒழுகலோடு பகை கிடையாது. ஆனால் அவளுடைய இரண்டு கிட்னியும் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். ஊசி ஏற்றுவதற்கென்று இரண்டு கையிலும் தயார் செய்த நரம்புகள் அடைத்துப் போயின. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதில் கிருமி சேர்ந்து இரண்டு தடவை குளிர்காய்ச்சல் கண்டு பிழைத்தாள். கிட்னி கொடுக்கலாம் என்றால் அப்பாதுரைக்கு ரத்தம் சேரவில்லை, குவைத்தில் இருக்கும் ஒரே மகன் ரவிக்குமாருக்கு இந்த வயதிலேயே சர்க்கரை. மிச்சம் ஒரு வழிதான் என்றார் டாக்டர். வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, பையில் வரும் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பது. தினம் நாலு தடவை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் அறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டும். ஒரு தூசி குழாய்க்குள் போனாலும் வயிறு முழுக்கக் கிருமி. முதலில் நர்ஸ் வந்து அறையைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அப்புறம் ஆபரேஷன்.

ரக்ஷிதா என்ற அந்த நர்ஸ் பிப்ரவரியில் ஒரு காலையில் ஸ்கூட்டரில் வந்தாள். மாலூர்ப் பக்கத்துப் பெண். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள். முன்னறையின் நடுவில் நின்று மேலே பார்த்தாள். மேலேயிருந்து ஒரு பூனை அவளைப் பார்த்தது.

“அது யார்து?”

“ஓட்டு மேல திரியறதும்மா. எங்கது இல்ல,” என்றாள் சொர்ணம்.

“ஓட்டு மேல இருந்தா அதோட மூஞ்சி எனக்கு எப்படித் தெரியுது?”

“அந்த எடத்துல ஓடு இல்ல.”

ரக்ஷிதா நோட்டை மூடினாள். “தப்பா எடுத்துக்காதீங்க சார். இது ரூமே இல்ல. இது வெளிய. நாலு பக்கம் சுவர் வச்சிருக்கீங்க, அவ்வளோதான்.”

“என்ன செய்யணும், லிஸ்ட்டாச் சொல்லும்மா,” என்றார் அப்பாதுரை.

“மேல இருந்து ஒண்ணும் கீழ விழக்கூடாது. தண்ணி, தூளு, எலிப்புழுக்கை, ஒண்ணும் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மட்டும் பேடா, அதோட தூளு நுரையீரலுக்குள்ள போகும். கூரை ஆனதும் போன் பண்ணுங்க.”

“ஒரு மழைக்கு எத்தனை சொட்டு வரைக்கும் பாஸ்?”

“சைபர் சார்.”

அப்பாதுரையின் முகம் மலர்ந்தது. ஆலையில் ஆயிரத்துக்கு இரண்டு பழுது வரை விட்டுவிடுவார்கள். சைபர் என்பதை அவர் அங்கே சுவரில் ஒட்டிய போஸ்டரில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ரக்ஷிதா குரலைத் தாழ்த்தினாள். “சீக்கிரமா பண்ணுங்க சார். கழுத்து லைன் எத்தனை நாளு தாங்கும்னு என்னால சொல்ல ஆகல்ல.”

மறுநாளிலிருந்து கான்ட்ராக்டர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஏணி வைத்து ஏறினார். கால் வைத்த இடத்தில் ஓடு உடைந்து இடுப்புவரை அறைக்குள் வந்து தொங்கினார். தொங்கியபடியே சொர்ணம் எட்டிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, மேல்வழியாகவே போய்விட்டார். இரண்டாமவர் கூரையை அண்ணாந்து பார்க்கவே இல்லை. சுவரைத் தட்டினார், மண் கொட்டியது. இதை இடித்துவிட்டு நாலு மாடி கட்டினால் கூரைக் கவலை நாலாவது மாடிக்காரனுக்குத்தானே என்று கேட்டார்.

மூன்றாவதாக வந்தவன் ஷங்கர். பழைய மோட்டார் சைக்கிள், முதுகில் சாம்பிள் துண்டுகள் அடைத்த பள்ளிக்கூடப் பை, நாற்பது வயது. அப்பா தமிழ், அம்மா கன்னடம், கூட வேலை செய்பவர்கள் பீகார். ஆரம்பித்த வாக்கியம் எந்த மொழியில் முடியும் என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாது. அவன் ஓடு மேல் ஏறவில்லை. எதிர்வீட்டு மாடியில் நின்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்தான். அது அப்பாதுரைக்குப் பிடித்திருந்தது.

“சார், மூணு தாரி, மூணு வழி இருக்குது. ஒண்ணு, பழசக் கழட்டிட்டு புது மங்களூர் ஓடு. ரெண்டு, கான்க்ரீட் மோல்டு. மூணு, ஷீட்டு.”

“மோல்டு போட்டுட்டா ஒரேடியா முடிஞ்சிருமே?”

“சுவர் மண்ணு கட்டு சார். மேல அவ்வளோ பாரம் ஏத்துனா சுவரு நமஸ்காரா சொல்லிட்டு உக்காந்துடும்.”

“அப்ப ஓடே போடு.”

“ஓடு போடலாம். கைமரம் எல்லாம் செல்லு அரிச்சிருக்குது, அத மாத்தணும். இந்தப் பக்கத்துக் கைமரத்த எடுத்தா விட்டம் லூஸ் ஆகும். பின்னாடி வீட்டுச் சரிவு அப்படியே உள்ள எறங்கும். அவங்களும் ஒத்துக்கினு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கழட்டணும். அங்க யாரு சார் இருக்கறது?”

“டெஸ்மண்ட் அண்ணன். நம்ம மனுஷன்தான்.”

“மீன் சாப்ட்டவரு,” என்றாள் சொர்ணம் அடுப்படியிலிருந்து.

டெஸ்மண்ட் கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேஜையருகே புள்ளி குறிக்கும் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் விட்டு வந்த நேரமாகப் பார்த்து அப்பாதுரை போனார். கட்டில்காலில் குடையைக் கட்டி அதன் கீழே படுத்திருந்தார் டெஸ்மண்ட். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் கட்டின குடையை அவிழ்ப்பானேன் என்பது அவர் கட்சி.

“தொரை, நீ என் உசிரக் கேளு, குடுக்கறேன். ஓட்ட மட்டும் கேக்காத.”

“ஏண்ணா, உங்களுக்குந்தான ஒழுகுது?”

தலையணை அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தம்பி க்ளெனுக்கும் அவருக்கும் இந்த வீட்டின் பேரில் பதினாலு வருடமாக வழக்கு. தீர்ப்பு வரும்வரை கட்டடம் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு.

“ஒண்ணாந்தேதி ஆனா க்ளென் வந்து எதிர் மாடியில நின்னு கூரைய போட்டோ எடுக்கறான். ஓடு ஓடா எண்றான் மேன். போன வருஷம் ஒரு காக்கா ஒரு ஓட்டத் தள்ளி உட்ருச்சு. நான் தள்ளலன்னு கோர்ட்டுல சத்தியப் பத்திரம் போட்டேன்.”

“காக்காவையும் கூப்ட்டாங்களா?”

“சம்மன் போச்சு. வரல.” டெஸ்மண்ட் சிரிக்காமல் சொன்னார். “தீர்ப்பு வந்த மறுநாளே கழட்டிக்கலாம் தொரை. அடுத்த வாய்தா ஜூலையில.”

“ஜூலை வரைக்கும் அவ...” என்று ஆரம்பித்து அப்பாதுரை நிறுத்தினார்.

டெஸ்மண்ட் எழுந்து உட்கார்ந்தார். தினமும் மத்தியானம் சொர்ணத்தின் கையால் ஒரு கிண்ணம் குழம்பு சுவரைத் தாண்டி அவருக்கு வந்துகொண்டிருந்தது, பதினோரு வருடமாக. பிறகு போனை எடுத்துப் பதினாலு வருடம் பேசாத தம்பிக்குப் போட்டார். பேச்சு பதினாலு விநாடி நடந்தது.

“வக்கீல் மூலமாக் கேக்கச் சொல்றான்,” என்று போனைக் கவிழ்த்து வைத்தார். “குரல் அப்படியே எங்கப்பா குரல் மாதிரி ஆயிடுச்சு மேன் அவனுக்கு.”

ஷங்கரிடம் சொன்னபோது அவன் கலங்கவில்லை. “டென்ஷன் பேடா சார். ஓட்டத் தொடவே வேணாம். நம்ம எடத்துல நாலு கம்பம் நட்டு, ஓட்டுக்கு மேல ரெண்டடி உயரம் விட்டு, சந்துப் பக்கம் சரிவு வச்சு ஷீட்டு. உள்ள ரூமுக்கு பிவிசி சீலிங். ஓடு நடுவுல சும்னே கெடக்கட்டும். கேஸ் முடியற அன்னைக்கு யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கட்டும்.”

“அப்ப அவ தலைக்கு மேல மூணு கூரை.”

“ராணிக்கு ஒரு கொடைதான் சார் புடிப்பாங்க,” என்றான் ஷங்கர்.

அதோடு வேலையை ஆரம்பித்திருந்தால் மார்ச் முதல் வாரம் முடிந்திருக்கும். ஆனால் எந்த ஷீட் என்ற கேள்வி இருந்தது. கேள்வியை அப்பாதுரையிடம் கேட்டுவிட்டான் ஷங்கர்.

அவர் சாம்பிள்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆலையில் செய்வது போலவே சோதனை செய்தார். இட்லிக் குண்டானில் உப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வேகவைத்தார். அம்மிக்குழவியை இடுப்பு உயரத்திலிருந்து போட்டார். எண்பத்திரண்டு கிலோ உடம்போடு ஏறி நின்று பல் துலக்கினார். பிளாஸ்டிக் ஷீட் நாலு நாள் வெயிலில் விறைப்பாகக் கிடந்தது, ஐந்தாம் நாள் கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. அலுமினியத்தை எலி கடித்துப் பார்த்துவிட்டு மிச்சம் வைத்திருந்தது. வர்ணம் பூசிய இரும்பு ஷீட் மட்டும் எல்லாவற்றையும் தாங்கியது. இதற்கு இரண்டு வாரம் போனது.

“ஏங்க, என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப அஞ்சு நிமிஷத்துல சரின்னீங்க. தகரத்துக்கு ரெண்டு வாரமா?”

“அப்ப எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா என்னையும் கொதிக்க வச்சிருப்பீங்களா?”

“நீ பாஸாயிருப்ப.”

“எங்க? ரெண்டு கிட்னியையும் தட்டிப் பாத்துட்டு எங்கப்பாகிட்டயே திருப்பி அனுப்பிச்சிருப்பீங்க.”

அவள்தான் சிரித்தாள். அவர் சிரிக்காமல் ஷீட்டின் மடிப்பில் துரு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரியில் சரக்கு வந்து இறங்கியது. அரை மில்லிமீட்டர் கனம் என்று பேச்சு. அப்பாதுரை தன்னுடைய மைக்ரோமீட்டரை வேட்டி முனையால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு ஷீட்டிலும் ஐந்து இடம் அளந்தார். பாயின்ட் நாலு மூணுதான் இருந்தது.

“சார், பெயின்ட்டு மேல கீழ எல்லாம் சேத்துப் பாத்தா பாயின்ட் ஃபைவ் வரும்,” என்றான் ஷங்கர்.

“பெயின்ட் போனப்புறம்?”

“பெயின்ட் போறதுக்கு இருவது வருஷம் ஆகும் சார்.”

“இருவது வருஷம் அவ இருக்கணும்னுதானப்பா போடறேன்.”

ஷங்கர் சரக்கைத் திருப்பி ஏற்றச் சொன்னான். புது சரக்கு வர ஒன்பது நாள்.

ஆறாம் நாள் மத்தியானம் சொர்ணம் கீரையை இரண்டாம் தடவை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடக் கூடிய கீரை அது. சத்தெல்லாம் வடிந்து, பச்சைப் பேப்பர் ஊறியது மாதிரி இருக்கும். கரண்டி கையிலிருந்து விழுந்தது. பல் கிட்டியது. அவளைப் பிடித்துப் படுக்கவைத்ததும் அவள் நடுக்கத்தில் கட்டில் சுவரை விட்டு ஒரு முழம் நகர்ந்து வந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், டெஸ்மண்ட் கால்மாட்டில், அப்பாதுரை தலைமாட்டில். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் வைத்தார்கள். எட்டு நாள் கழித்து அனுப்பும்போது, இனிமேல் குழாய் வைக்க உடம்பில் இடம் பாக்கியில்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது அப்பாதுரை சொன்னார்: “அந்த மொத லோடையே எறக்கியிருக்கலாம்.”

“பெயின்ட்டோட சேத்து எவ்வளோ வந்துச்சு?” என்றாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே.

“பாயின்ட் நாலு எட்டு.”

“பாத்தீங்களா. அப்பவும் கம்மிதான். நீங்க அனுப்புனது சரி.”

மார்ச் கடைசி வாரம் வேலை ஆரம்பித்தது. மூன்று பீகார்ப் பையன்கள் வெல்டிங் மெஷினோடு வந்தார்கள். கம்பத்துக்குக் குழி தோண்டினால் மூன்றடியில் லாடம் கிடைத்தது, நாலடியில் இன்னொரு லாடம், ஐந்தடியில் கிடைத்ததைக் குதிரையின் பல் என்று டெஸ்மண்ட் வாங்கிக் கழுவி வைத்துக்கொண்டார். அனல் காற்றில் கம்பிகள் தொட முடியாமல் கொதித்தன. பையன்கள் கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சாரத்தில் ஏறினார்கள். ஓட்டில் கால் படக்கூடாது என்று உத்தரவு. விட்டத்துக்கு மேலே பலகை கட்டி அதன் மேல் நடந்தார்கள். ஒண்ணாந்தேதி க்ளென் பின்சந்து எதிர் மாடிக்கு வந்தார். அண்ணனைப் போலவே ஒல்லி, அண்ணனைப் போலவே தொப்பி. அண்ணன் பக்கத்து ஓடுகளை எண்ணினார், எல்லாம் இருந்தன. பிறகு முன்சந்துக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சொர்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போட்டோ எடுக்காமல் போனார். மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

சொர்ணம் படுத்துக்கொள்ள மறுத்துவிட்டாள். நின்று சமைக்க முடியாதென்று அடுப்பைத் தரைக்கு இறக்கி உட்கார்ந்தபடி பையன்களுக்குச் சமைத்தாள். தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு என்று தனக்கு விலக்கான எல்லாவற்றையும் போட்டு ஒரு சாம்பார். உப்பு பார்க்க மட்டும் டெஸ்மண்டைக் கூப்பிடுவாள். அவர் உப்பு பார்த்தே அரைப்படி காலி செய்வார்.

அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. பையன்கள் கூரையிலிருந்து இறங்கி வந்து சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடிப்பார்கள். கழுத்தில் அந்த முடிச்சு ஏறி இறங்கும். அவள் அரிவாள்மணையில் பிடித்த காயை மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டே விட்டாள்.

“ஏம்ப்பா, கொஞ்சம் மெதுவாக் குடியேன்.”

பையனுக்கு மொழி புரியவில்லை. ஷங்கர் இந்தியில் சொன்னான். “ஏன்னு கேக்கறான் அக்கா.”

“நான் பாக்கணும்னு சொல்லு.”

ஷங்கர் அதை மொழிபெயர்க்கவில்லை. ஏதோ சொன்னான். பையன் இரண்டாவது சொம்பை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம் குடித்தான்.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வேலை முடிந்தது. மேலே பச்சை இரும்பு ஷீட், நடுவில் நூறு வருட ஓடு, கீழே வெள்ளை வெளேரென்று பிவிசி சீலிங். வானம் ஒரு சொட்டும் தராததால் அப்பாதுரை ஒரு தண்ணீர் லாரியைக் கூப்பிட்டார். லாரிக் குழாயைப் பையன்கள் மேலே பிடிக்க, ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் கூரையில் ஓடிச் சந்தில் விழுந்தது. சந்துக் குழந்தைகள் எல்லாம் தலை குளித்தார்கள். அப்பாதுரை அறைக்குள் தரையில் நியூஸ் பேப்பரை விரித்து, மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்துச் சீலிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேப்பரில் ஒரு புள்ளி ஈரமில்லை. எழுந்து வந்து ஷங்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆலையில் முப்பத்தொரு வருடத்தில் அவர் யாருக்கும் கை கொடுத்ததில்லை.

ரக்ஷிதா வந்தாள். சீலிங்கின் மூலை முடுக்கெல்லாம் விரலால் தடவி விரலைப் பார்த்தாள். “சார், எங்க வார்டு கூட இப்படி இல்ல சார்.” படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன்.

புதன்கிழமை ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று உள்ளே கொண்டுபோனவளை நாற்பது நிமிடத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் அப்பாதுரையை நடைபாதைக் கோடிக்குக் கூட்டிப்போனார்.

“முன்னாடி ரெண்டு ஆபரேஷன் ஆயிருக்குல்ல? கர்ப்பப்பை எடுத்தது ஒண்ணு, குடலிறக்கம் ஒண்ணு?”

“அது ஆச்சு டாக்டர், இருவது வருஷம்.”

“அதுல உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. குழாய் வைக்க எடமே இல்ல. தண்ணி விட்டா நிக்காது. மூடிட்டோம்.”

“இத மொதல்லயே பாக்க முடியாதா?”

“திறந்தாத்தான் தெரியும்.”

அப்பாதுரை தலையாட்டினார். திறந்தால்தான் தெரியும் என்பது அவருக்குப் புரிகிற விஷயம். எத்தனையோ பெட்டிகளை அப்படித் திறந்திருக்கிறார்.

“தொடையில இருக்கற லைன்?”

“அது ஓடற வரைக்கும் ஓடும்.”

“எத்தன நாளுன்னு ஒரு இது...”

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

மயக்கம் தெளிந்து சொர்ணம் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்து, குழாய் எங்கே என்று கேட்டாள். “உள்ளயே வச்சுத் தச்சிருக்காங்க. காயம் ஆறணுமாம். பத்து நாள் கழிச்சு நுனிய வெளிய எடுப்பாங்களாம்,” என்றார் அப்பாதுரை. வாழ்நாள் முழுக்க ஒரு ரிப்போர்ட்டிலும் பொய் எழுதாத மனிதர். முதல் பொய்யே இவ்வளவு ஒழுங்காக வந்ததில் அவருக்கே பயமாக இருந்தது. அவள் சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து ஏழு நாள் ஆயிற்று. சந்துக்காரர்கள் வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, உள்ளே எட்டிப்பார்த்து, கூரையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ரவிக்குமார் குவைத்திலிருந்து வீடியோவில் சீலிங்கைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். அவனிடமும் அப்பாதுரை அதே பொய்யைச் சொன்னார். ரக்ஷிதா போன் செய்தால் வெளியே போய்ப் பேசினார்.

எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. புழுதிக் காற்று சந்தைப் பெருக்கிக்கொண்டு போனது. அப்பாதுரை ஜன்னலை அடைத்துவிட்டு வந்து கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே முதல் சொட்டு விழுந்தது. சட்டென்று ஒரு கல் விழுந்தது போல இருந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

கூரைக்கு அவர் வைக்காத சோதனை அது ஒன்றுதான். கொதிக்கவைத்தார், இடித்தார், அளந்தார், லாரித் தண்ணீர் விட்டார். குழாய்த் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும், மழை மேலேயிருந்து அடிக்கும். ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே விட்ட இரண்டடி இடைவெளி பெரிய பறையின் வயிறாகி அதிர்ந்தது. பொம்மசந்திராவில் அறுபது பிரஸ் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடுவதைக் கேட்டவர் அவர். இந்தச் சத்தத்துக்கு முன்னால் அவை பக்கத்துத் தெருவில் ஓடியது மாதிரி ஆகிவிட்டது. அறையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்தன.

சொர்ணம் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்துக் காட்டினார். அவளும் கேட்கவில்லை என்று கையை விரித்துச் சிரித்தாள்.

அப்பாதுரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“கொழாய் வைக்கல சொர்ணம்.”

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அரை அங்குலம் நகர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். “உள்ள எடம் இல்லையாம். மூடிட்டாங்க. தொடை லைன் போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் இல்ல.” அவள் சிரித்த முகம் மாறாமல் சீலிங்கைக் காட்டிக் கையசைத்தாள், சத்தத்தைப் பார் என்பது போல. அவருக்குத் தைரியம் வந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, ஆலையில் ஷிப்டு முடிந்ததைக் கத்துவது போல இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். “இருவது வருஷத்துக்கு தகரம் வாங்கிப் போட்டேண்டி! நீ செத்துப் போயிடுவ! நான் இந்தக் கூரைய வச்சிக்கினு என்ன பண்ணுவேன்!”

பெங்களூர் மழைக்குச் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. ‘செத்து’ என்று அவர் சொன்னபோது பெய்துகொண்டிருந்தது. ‘போயிடுவ’ என்றபோது நின்றுவிட்டது. மீதி முழுவதும் வெள்ளைச் சீலிங் போட்ட அறையில் சுத்தமாக, கணீரென்று விழுந்தது. சந்தில் யாரோ வாளியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

அவர் கைகளை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார். சொர்ணத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வயிற்றுக் கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள்.

“கத்தாதீங்க,” என்றாள். “பின்னாடி அண்ணன் தூங்கற நேரம்.”

அப்பாதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.